மூடியைத் திறந்த பிறகு

ஓய்வு பெற்ற உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் இரண்டு வகை. வீட்டில் வாங்கிய தேன் கலப்படமா என்று உறவினர்கள் கேட்பது ஒன்று. பழைய அலுவலகத்து இளையவர்கள் ஆய்வுக்குப் போன இடத்தில் நின்றபடி சந்தேகம் கேட்பது இன்னொன்று. சமீபத்தில் வந்தது இரண்டாவது வகை. தச்சநல்லூரில் ஒரு கடைக்குள்ளிருந்து ஒரு பெண் அலுவலர் பேசினார்.

“சார், ஸ்போர்ட்ஸ் டிரிங்க் பாட்டிலத் திறந்துட்டா ஃப்ரிட்ஜ்ல வைக்கணுமா, வேண்டாமா? கடைக்காரரு வேண்டாங்காரு. வாங்க வந்தவரு வைக்கணுங்காரு. ரெண்டு பேரும் என் மொகத்தப் பாக்காங்க.”

வைக்க வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். வைக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்டார். முதல் கேள்விக்கு ஃபோனிலேயே பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவதற்குச் சேரன்மகாதேவியில் நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். இது அவருக்காக எழுதியது. மற்றவர்களும் படிக்கலாம்.

நான் வேலைக்கு வந்த கதை சுருக்கமானது. ஒரு நாளிதழின் நெல்லைப் பதிப்பில் சில காலம் பிழை திருத்தினேன். பிறகு சுகாதார ஆய்வாளர் பயிற்சி, கிராமங்களில் கொசுப்புழு தேடிய வருடங்கள், அதன் பிறகு உணவுப் பிரிவு. பெயரும் ஊரும் தப்பாக அச்சாகக் கூடாது என்று பத்திரிகையில் ஏற்பட்ட பயம், மாதிரிப் பாட்டில்களில் சீட்டு ஒட்டும்போது உதவியது.

மாதிரி எடுப்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிரிப்பாக இருக்கும். முதலில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். பிறகு பொருளைக் காசு கொடுத்து வாங்கி ரசீது கேட்க வேண்டும்; பல கடைக்காரர்கள் இங்கேதான் முதன்முறையாக ஆச்சரியப்படுவார்கள். நான்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கெட்டித் தாளில் சுற்றி, முனைகளை மடித்து ஒட்டி, நூல் கட்டி, அரக்கு முத்திரை வைக்க வேண்டும். கடைக்காரரின் கையெழுத்து சீட்டில் பாதியும் சுற்றிய தாளில் பாதியுமாக விழ வேண்டும். யாராவது சீட்டைப் பிரித்தால் கையெழுத்து உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அரக்கு உருக்க மெழுகுவர்த்தி ஏற்றினால் கடை விசிறிக் காற்றில் அணையும். விசிறியை நிறுத்தினால் அலுவலர், கடைக்காரர், வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் எல்லாருக்கும் ஒன்றாக வியர்க்கும். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பதை நான் நேரில் கண்டது அப்போதுதான்.

இந்த முறைக்குள் வராத பொருள் ஒன்று உண்டு: திறந்த பாட்டில். மூடியின் வளையம் உடைந்த பிறகு உள்ளே இருப்பதற்குக் கம்பெனி பொறுப்பில்லை. யார் பொறுப்பு என்பது அந்தப் பாட்டில் எங்கெங்கே போனது, யார் யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்தது. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

கேட்பதில் எங்கள் மாவட்ட நியமன அலுவலர் ஞானதீபம் மேடத்தை மிஞ்ச ஆளில்லை. எனக்கு மேலதிகாரி, வயதில் என்னைவிடச் சின்னவர். பாளையங்கோட்டையில் தலைமுறையாக வாத்தியார்கள் நிறைந்த குடும்பம். ஆனால் அவர் குரல் கடைசி பெஞ்சை எட்டாது. எதிரில் இருப்பவர் சொன்னதில் ஒரு சொல்லை மட்டும் கேள்வியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, பேனா மூடியைத் திருகியபடி சும்மா இருப்பார். “நேத்து வந்த சரக்கு மேடம்” என்பார் கடைக்காரர். “நேத்து?” என்பார் இவர். பேனா மூடி ஒரு சுற்றுச் சுற்றும். கடைக்காரருக்கு அந்த அமைதி தாங்காது. “நேத்துன்னா... போன வாரம்னு வச்சிக்கிடுங்க.”

அவருக்கு இன்னொரு பழக்கம். யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனதாகப் புகார் வந்தால், நல்லா இருப்பவர்களைத்தான் முதலில் பார்ப்பார். “சீக்காளி எல்லாரும் ஒரே கதையத்தான் சொல்லுவாங்க. தப்பிச்சவங்ககிட்டதான் வேற கதை இருக்கும்” என்பார்.

ஸ்போர்ட்ஸ் டிரிங்க் எங்கள் அலுவலகத்துக்குள் முதலில் வந்தது ஒரு வாளியில். ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் சொந்தக்காரர் வாளியில் தண்ணீர் விட்டு, நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, வெடிகுண்டைத் தூக்கி வருவது போல வந்தார். பாட்டில் வயிறு உப்பியிருந்தது.

“கம்பெனிக்காரன் உள்ள கேஸ் அடிச்சிருக்கான் மேடம். கேஸ் போட்டிருக்குன்னு எங்கனயாவது எழுதியிருக்கா பாருங்க.”

மேடம் மூடியைத் திருகினார். சீறிக்கொண்டு வந்த நுரை அவர் கண்ணாடியிலும் என் சட்டையிலும் விழுந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இதை எப்போது திறந்தீர்கள் என்று கேட்டார்.

“திறந்து கொஞ்ச நாளாச்சு. சன்னல்லதான் இருந்துச்சு. பயலுவ வரப்போக ஆளுக்கொரு மடக்கு குடிப்பானுவ.”

“மடக்கு?”

“வாய் வச்சுத்தான் மேடம். மூடியில உறிஞ்சுத மாதிரி மூக்கு வச்சிருக்கானே. அண்ணாந்து ஊத்துனா சட்டையிலல்லா விழுது.”

விஷயம் அதுதான். நம் ஊரில் டம்ளரையோ செம்பையோ உதட்டில் படாமல் தூக்கி ஊற்றிக் குடிப்பது சிறு வயதிலேயே வந்துவிடுகிற பழக்கம். இந்தப் பாட்டில்களின் மூடி அதற்கு இடம் தருவதில்லை. வாய் வைத்து உறிஞ்சும்போது, உள்ளே போவது போலவே கொஞ்சம் பாட்டிலுக்குத் திரும்பியும் போகிறது. பானத்தில் சர்க்கரை இருக்கிறது. நெல்லை வெயிலில் சன்னலோரம் வைத்தால் நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையைத் தின்று, பதநீர் கள்ளாவது போலப் பொங்கும். அந்த வாளிப் பாட்டிலுக்குள் நடந்தது அதுதான்.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில் இது. திறந்த பாட்டிலை மூடி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். பாட்டில் சீட்டில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ அதற்குள் குடித்து முடிக்க வேண்டும். பொடி வாங்கிக் கரைத்ததானால் அன்றைக்கே குடித்துவிடுவது நல்லது; அது நீங்கள் ஊற்றிய தண்ணீரின் தரத்தில்தான் இருக்கும். அதே சமயம், இந்தப் பானங்கள் புளிப்பானவை. அந்தப் புளிப்பில் நோய்க் கிருமிகள் சட்டென்று பெருகுவதில்லை. ஒரு பொழுது வெளியில் இருந்துவிட்டதால் அது விஷமாகிவிடாது. ருசி கெடும், நாளானால் பூஞ்சை பிடிக்கும். புளிப்பு என்ற சொல்லை மட்டும் வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சேரன்மகாதேவியில் கோடை விடுமுறையில் பெண்கள் கபடிப் போட்டி நடந்தது. வெளியூர் அணிகளை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் காலை, அரையிறுதிக்கு இறங்க வேண்டிய ஓர் அணியின் பிள்ளைகள் மைதான ஓரத்திலேயே வாந்தி எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முந்தின நாள் மாலை எதிர்க்கடையில் வாங்கிய நீல நிற ஸ்போர்ட்ஸ் டிரிங்க்தான் காரணம் என்று பேச்சு. நாங்கள் ஜீப்பில் போய்ச் சேருமுன் அந்தப் பேச்சு கடையின் படத்தோடு வாட்ஸ்அப்பில் ஆற்றைத் தாண்டிப் போயிருந்தது.

கடை சுடலைமுத்துவுடையது. பால், வாழைப்பழம், பிஸ்கட், ஒரு கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். இறக்கிய பாதிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பரமசிவம் என்ற பெரியவர் உட்கார்ந்திருந்தார். வாந்தி எடுத்த பிள்ளைகளில் ஒருத்திக்குத் தாய்மாமன். அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம்.

“சீல் வைக்காம நான் இங்கனயிருந்து எந்திரிக்க மாட்டேன் மேடம்” என்றார். “வித்தது பழைய சரக்கு. அது போகட்டும். மிச்சம் இருந்த பாட்டில ராத்திரி உம்ம ஃப்ரிட்ஜ்ல வையுமின்னு டீச்சர் கேட்டிருக்காவ. இவரு மாட்டேன்னுட்டாரு. வச்சிருந்தா கெட்டுப்போயிருக்குமா?”

சுடலைமுத்து ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே வந்தார். “அண்ணாச்சி, நீரே சொல்லும். வாய் வச்ச பாட்டில பால் பாக்கெட்டுக்குப் பக்கத்துல அடுக்கலாமா? காலையில பால் வாங்க வாரவன் என்னைய என்ன கேப்பான்?”

“ஆஸ்பத்திரில பிள்ளைய கெடக்க கெடையப் பாத்துட்டு வந்து பேசும் வே.”

சுடலைமுத்து என்னிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “கடை போட்டு வருசம் திரும்பல சார். கலரு குடிச்சு ஒரு பிள்ள செத்துப்போச்சுன்னு ஒருத்தன் போட்டிருக்கான். பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. கடைதான் செத்துப்போச்சு.”

அட்டைப்பெட்டியில் மீதி இருந்த மூடிய பாட்டில்களைப் பார்த்தோம். காலாவதி ஆகவில்லை. ஒரே தொகுதி எண். முறைப்படி மாதிரி எடுத்து அரக்கு வைத்தோம். ஆனால் பகுப்பாய்வுக் கூடத்திலிருந்து முடிவு வரப் பல நாட்கள் ஆகும். அதுவரை கடையை மூடினால், முடிவு சாதகமாக வந்தாலும் சுடலைமுத்துவிடம் யாரும் பால்கூட வாங்கப் போவதில்லை. திறந்து விட்டுப் போனாலோ, கூட்டம் அவரைச் சும்மா விடாது. மேடம் என்ன செய்தாலும் அன்று மாலைக்குள் செய்தாக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் நன்றாகவே இருந்தார்கள். காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, வாந்தியோடு சரி. மருத்துவர் மாலையில் அனுப்பிவிடுவதாகச் சொன்னார். போட்டியை மறுநாளைக்குத் தள்ளி வைப்பார்களா என்பதுதான் அவர்களுடைய கவலை.

“எப்படி இருந்துச்சு குடிக்கும்போது?” என்று மேடம் கேட்டார்.

“துட்ட நக்குன மாதிரி இருந்துச்சு மேடம்” என்றாள் ஒருத்தி.

“நீ துட்ட நக்கிப் பாத்திருக்கியாட்டி?” என்றாள் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள்.

“குடிச்ச ஒடனே வந்துட்டு மேடம். டம்ளரக்கூடக் கீழ வைக்கல.”

வெளியே வந்ததும் மேடத்திடம் இரண்டு விஷயம் சொன்னேன். கிருமியால் கெட்ட உணவு வயிற்றுக்குள் போய் வேலையைக் காட்ட நேரம் எடுக்கும். டம்ளரைக் கீழே வைக்குமுன் வராது. இரண்டாவது, அவர்கள் வாங்கியது பாட்டில். இந்த டம்ளர் எங்கிருந்து வந்தது?

“டம்ளர்?” என்றார் மேடம். இந்த முறை அது உண்மையிலேயே கேள்வி.

பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அணியின் உடற்கல்வி ஆசிரியை எஸ்தர் டீச்சர், வகுப்பறையில் மூட்டைகளுக்கு நடுவே அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னது இது. மாலை ஆட்டத்துக்குப் பிறகு ஏறக்குறைய எல்லாப் பாட்டில்களிலும் பாதி மீந்திருந்தது. திறந்த பின் குளிர்பதனத்தில் வைக்கவும் என்று சீட்டில் போட்டிருப்பதை அவர் படித்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ஃப்ரிட்ஜ் இல்லை. சுடலைமுத்து மாட்டேன் என்றுவிட்டார். அணியிடம் ஒரு செம்புக் குடம் இருந்தது. போன வருடப் போட்டியில் பரிசாக வாங்கியது. எங்கே ஆடப் போனாலும் அதையும் தூக்கிக்கொண்டு போவார்கள்.

“செம்புத் தண்ணி உடம்புக்கு நல்லதுன்னுதானே எல்லாரும் சொல்லுதாங்க. குடத்துல வச்சா குளுமையாவும் இருக்கும். எல்லாத்தையும் அதுல ஊத்தி, ஈரத்துண்டு சுத்தி, ராத்திரி முழுக்கச் சன்னலோரம் வச்சேன் மேடம். நடுவுல எந்திரிச்சுத் துண்ட நனைச்சுக்கூட விட்டேன். காலையில அதத்தான் டம்ளர்ல ஊத்திக் குடிச்சாங்க.”

குடம் மூலையில் இருந்தது. அடியில் கொஞ்சம் நீலத் தண்ணீர் கிடந்தது. அதை ஒரு சுத்தமான பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டு, குடத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே கழுத்துப் பக்கம் மங்கிக் கறுத்திருந்தது. ஒரு கோட்டுக்குக் கீழே மட்டும் புதுக் குடம் போல மின்னியது. கோடு மட்டம் பிடித்தது போல வட்டமாகச் சுற்றி வந்திருந்தது.

மேடமும் எட்டிப் பார்த்தார். “உள்ள யாரு விளக்குனது டீச்சர்?”

“உள்ளயா? ஒருத்தரும் விளக்கல. வெளியதான் புளி போட்டுத் தேய்ப்போம்.”

மேடம் குடத்தை அவர் பக்கம் திருப்பினார். டீச்சர் உள்ளே பார்த்தார். பிறகு தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். புளி செம்பை எப்படி மின்ன வைக்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பானத்தின் புளிப்பு ராத்திரி முழுக்கக் குடத்தை உள்ளிருந்து விளக்கியிருக்கிறது. விளக்கி எடுத்த செம்பு பானத்தில் கரைந்திருக்கிறது. கரைந்தால் பச்சையோ நீலமோ தெரியும். ஆனால் பானமே நீலம்.

வகுப்பறையின் மறுகோடியில் ஒரு பெண் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆரோக்கியமேரி, கடற்கரை ஊர்க்காரி. அணியில் வாந்தி எடுக்காதவள் அவள் ஒருத்திதான். மேடம் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

“நீ அந்தக் கலர் குடிக்கலையாம்மா?”

“குடத்துல குடிக்கல மேடம்.”

“குடத்துல?”

பேனா மூடி சுற்றியது. ஆரோக்கியமேரி டீச்சரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிறகு தன் பையை இழுத்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். அடியில் ஒரு விரல்கடை நீலம் மிச்சம் இருந்தது.

“நேத்துத் திறந்தது மேடம். பைக்குள்ளயே இருந்துச்சு. காலையில பாதி குடிச்சேன்.”

“ஏளா, எல்லாத்தையும் குடத்துல ஊத்துன்னு சொன்னேம்லா?” என்றார் டீச்சர்.

“எல்லாரு எச்சியும் ஒண்ணா கலந்தா எனக்கு எறங்காது டீச்சர்.” கொஞ்சம் நிறுத்தி, “என்னைய டீம்ல இருந்து எடுத்துருவீகளா?” என்றாள்.

“ஒன்னைய எடுத்துட்டு யார வச்சு ஆட? நீ ஒருத்திதான் நிக்க.” டீச்சர் அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

எங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதே கடை, அதே பெட்டி, அதே மாலையில் திறந்தது. ஃப்ரிட்ஜில் வைக்காதது. குடித்தவள் நன்றாக இருக்கிறாள். சீட்டில் போட்டிருந்த விதியைக் கேட்டுக் கீழ்ப்படிந்த அணி ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. இதனால் விதி தவறு என்று ஆகாது. பாட்டிலை அப்படியே ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்தியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. (பின்னால் வந்த பகுப்பாய்வு முடிவும் இதையே சொன்னது: மூடிய பாட்டில்களில் குறை இல்லை, குடத்து மிச்சத்தில் செம்பு மிக அதிகம். அரையிறுதியை மறுநாள் ஆடினார்கள். தோற்றார்கள். எதிரணி நன்றாக ஆடியதுதான் காரணம் என்று எஸ்தர் டீச்சரே சொன்னார்.)

ஆரோக்கியமேரியையும் டீச்சரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கடைக்குத் திரும்பினோம். பரமசிவம் அதே நாற்காலியில் இருந்தார். யாரோ அவருக்கு டீ வாங்கிக் கொடுத்திருந்தார்கள். மேடம் நடந்ததைச் சொன்னார். கூட்டம் டீச்சரைப் பார்த்தது. டீச்சர், “என் பிசகுதான். கடைக்காரர் மேல குத்தமில்ல” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அது எளிதான காரியம் அல்ல.

பரமசிவம் மட்டும் அசையவில்லை. “செம்புக் குடத்துலதான் மேடம் எங்க வீட்டுல காலங்காலமா தண்ணி குடிக்கோம். எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே.”

“தண்ணி வைக்கலாம். ஈயம் பூசாத குடத்துல புளிக்குழம்பு வைப்பீங்களா அண்ணாச்சி?”

“அது எப்படி? களிம்பு ஏறிரும்லா.”

“இதுவும் புளிப்புதான். நீலமா இருந்ததால ஒருத்தருக்கும் புளி ஞாபகம் வரல.”

அவர் யோசித்தார். கூட்டத்தில் இரண்டு பெண்கள் தலையாட்டினார்கள். ஆனாலும் கடைப் பக்கம் யாரும் வரவில்லை. காரணம் புரிந்துவிட்டது, பயம் போகவில்லை. சுடலைமுத்து ஷட்டரில் கை வைத்து நின்றார். ஏற்றுவதா இறக்குவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆய்வுக்குப் போன கடையில் அலுவலர் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது எங்கள் துறையில் எழுதப்படாத விதி. மேடம் அதை மீறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். காசைக் கொடுத்து, அதே பெட்டியிலிருந்து ஒரு பாட்டில் வாங்கினார். மூடியை முழுதாகத் திருகிக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தெருவின் நடுவில் நின்று அண்ணாந்து ஊற்றினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. பாதி முடிந்ததும் ஆரோக்கியமேரியிடம் நீட்டினார். அவள் மீதியை அதேபோல ஊற்றி முடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்தாள். தெருவில் எல்லாரும் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது நடக்கிறதா என்று காத்திருந்தார்கள். நடக்கவில்லை.

“பிள்ளைங்க சாயந்தரம் வந்துருவாங்க” என்றார் மேடம், பரமசிவத்திடம்.

பரமசிவம் டீ டம்ளரைக் கீழே வைத்தார். வெயில் அவர் நாற்காலி வரைக்கும் வந்திருந்தது.

“அப்பம் எனக்கும் அந்த நீலத்துல ஒண்ணு குடும் வே” என்றார் சுடலைமுத்துவிடம். “குளுந்ததாப் பாத்துக் குடும்.”

சுடலைமுத்து ஷட்டரிலிருந்து கையை எடுத்தார்.

“குளுந்தது ஃப்ரிட்ஜ்லதான் அண்ணாச்சி இருக்கு. ஃப்ரிட்ஜு ஷட்டருக்குப் பின்னால இருக்கு. ஷட்டருக்கு முன்னால நீரு இருக்கீரு.”

பரமசிவம் எழுந்தார். நாற்காலியைத் தானே தூக்கி ஓரமாகப் போட்டார். ஷட்டர் மேலே போனது.